குடிசை சொன்ன தீர்ப்பு!

எலும்புருக்கி நோய்! பெயரைக் கேட்டாலே குலைநடுங்கிய காலம் ஒன்று இருந்தது. இரவெல்லாம் இருமல், இருமலோடு இரத்தம், நாளுக்கு நாள் உருகும் உடல். பஞ்சாலையில் நூல் இழைத்தவன், அச்சகத்தில் எழுத்துக் கோத்தவன், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன் படுத்தான், படுத்தவன் எழவில்லை. "முற்பிறப்பின் பாவம்" என்றனர் சிலர். "தலைவிதி" என்றனர் வேறு சிலர். விதியுமல்ல, வினையுமல்ல; நுரையீரலிலே குடியேறிய கிருமிதான் காரணம் என்று 1882-இல் பெர்லின் நகரில் எடுத்துக்காட்டினார் இராபர்ட் காக் என்ற அறிஞர்.

கிருமி தெரிந்தது, அதைக் கொல்லும் மருந்து தெரியவில்லை. எனவே தூய காற்று, பால், முட்டை, மாதக்கணக்கில் ஓய்வு இவற்றைத் தேடி வசதி படைத்தோர் சானடோரியம் சென்றனர். நம் தாம்பரத்திலும் 1928-இல் அப்படி ஒன்று எழுந்தது. அந்தப் பெயரைத் தாங்கிய இரயில் நிலையம் இன்றும் இருக்கிறது. ஏழை என்ன செய்தான்? படுக்கை காலியாகுமா என்று காத்திருந்தான். படுக்கை காலியாகும் முன்னே அவன் பாய் காலியாகிவிட்டது!

நாற்பதுகளில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. 1952-இல் ஐசோனியசிட் வந்தது. மருந்து கைக்கு வந்ததும் அடுத்த கேள்வி பிறந்தது. இருமுவோர் இலட்சக்கணக்கில், அத்தனை பேருக்கும் படுக்கை ஏது? ஒண்டுக் குடித்தனத்திலும் ஓலைக் குடிசையிலும் வைத்தே குணப்படுத்த முடியுமா? "அரைவயிற்றுக் கஞ்சி குடிப்பவனுக்கு மருந்து மட்டும் போதுமா? வீட்டாருக்கும் தொற்றிவிடாதா?" என்று ஐயுற்றோர் பலர்.

தோழர்களே, அந்தக் கேள்விக்கு உலகுக்கே விடை தந்த ஊர் எது தெரியுமா? இலண்டன் அல்ல, நியூயார்க் அல்ல. நம் சென்னை, சேத்துப்பட்டு!

1956-இல் அங்கே காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை மாநில அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் கைகோத்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் வழிநடத்தினார். நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேர். சீட்டுக் குலுக்கிப் போடுவது போல, பாரபட்சமின்றிப் பிரித்தனர். ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறுபாதி தத்தம் வீட்டுக்கு. இருவருக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக் காலம். அங்கே சத்துணவு, ஓய்வு, தாதியர் கவனிப்பு. இங்கே நெரிசல், குறை உணவு, குடும்பக் கவலை. மருந்து வயிற்றுக்குள் போகிறதா என்றறியச் சொல்லாமல் கொள்ளாமல் வீடு தேடிச் சென்று சிறுநீரைச் சோதித்தனர்.

1959-இல் முடிவு வெளிவந்தது. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியோர், சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர். மாளிகை போன்ற மருத்துவமனைக்கு ஏறத்தாழ ஈடாக நின்றது குடிசை! வீட்டாரை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்தனர். நோயாளியை வீட்டில் வைத்ததால் அவர்களுக்கு நோய் கூடுதலாக வரவில்லை. 1962-இல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் வீட்டு மருத்துவத்தையே அடிப்படையாகக் கொண்டது. உலக நாடுகளும் அந்தப் பாதையில் திரும்பின.

"பார்த்தீர்களா, சோறு இல்லாமலே குணமாகிவிட்டது, பிறகு ஏழைக்குச் சோறு எதற்கு?" என்று எவரேனும் வாதாடினால், அது ஆய்வின் குரலல்ல, அலட்சியத்தின் குரல் என்போம். சேத்துப்பட்டு சொன்னது, மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் குடிசையிலும் குணமாகும் என்பதே. பட்டினி நோயை அழைத்துவரும் என்பதை அது மறுக்கவில்லை.

அதற்கும் சான்று உண்டு. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்ட் மாநிலத்தில் ஓர் ஆய்வு நடந்தது. 2,800 நோயாளிகள், அவர்தம் வீட்டார் 10,345 பேர். நோயாளி அனைவருக்கும் உணவுப்பொருள் தந்தனர். ஒரு பகுதிக் குடும்பங்களில் மட்டும் வீட்டார் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை தந்தனர். 2023-இல் முடிவு வெளியாயிற்று. அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் காண்பது 39 விழுக்காடு குறைந்தது. பிறருக்குப் பரப்பும் வகை 48 விழுக்காடு குறைந்தது. அரிசியும் பருப்பும் நோய்க்கு வேலி போட்டன!

நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் என்று 2018-இல் தொடங்கிய உதவித்தொகை, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய் ஆயிற்று. வரவேற்கிறோம். ஆனால் கூலி போன வீட்டில் அந்த ஆயிரம் எத்தனை நாள் தங்கும்? நோயாளிக்குப் பணம் என்பதோடு நில்லாமல், நோயாளியின் குடும்பத்துக்கே உணவுப்பை என்ற நிலை வரவேண்டும். இது பிச்சையல்ல, ஏழைகளின் உடலிலேயே சோதித்து அறிந்த உண்மைக்கு, ஏழைகள் கேட்கும் பங்கு!

நமக்கும் கடமை உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமும் தோழனைக் கையைப் பிடித்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சளிச் சோதனையும் மருந்தும் அங்கே இலவசம். இருமல் நின்றது என்று பாதியிலே மருந்தை நிறுத்துவோனைத் தடுத்துச் சொல்லுங்கள். நோயுற்றவனை ஒதுக்கி வைக்கும் வீட்டுக்கு, சேத்துப்பட்டின் கதையைச் சொல்லுங்கள்.

குடிசை தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. அதை நிறைவேற்ற வேண்டியது கோட்டை!