ஆண்டுக்கொரு முறை வரும் பணம்

சென்ற மாதம் விடுதி உணவுக்கூடத்தில் நண்பர் ஒருவருக்கும் எனக்கும் வாதம் மூண்டது. அமெரிக்காவில் ஏழைத் தாய்மார்க்கு அரசாங்கமே வரிச் சலுகையாக ஆயிரக்கணக்கான டாலர் தருகிறது. அப்படியிருந்தும் அவர்கள் கடன்காரர்களாகவே இருக்கிறார்கள். இது ஊதாரித்தனம் அல்லாமல் வேறென்ன என்று அவர் கேட்டார். உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. பொருளாதாரம் என் பாடமன்று. நான் பயில்வது இயற்பியல். ஆயினும் கூட்டலும் பெருக்கலும் எல்லார்க்கும் பொதுவானவை அன்றோ? கணக்குப் போட்டுப் பார்த்தேன். கண்டதை இங்கே எழுதுகிறேன்.

சலுகை எத்தகையது?

'எர்ண்டு இன்கம் டாக்ஸ் கிரெடிட்' என்னும் திட்டத்தை அமெரிக்க அரசாங்கம் 1975-ஆம் ஆண்டு தொடங்கியது. உழைத்து ஈட்டிய வருமானத்துக்கான வரிச் சலுகை என்று அதைத் தமிழில் சொல்லலாம். அப்பொழுது அதன் உச்ச அளவு 400 டாலர். 1986, 1990, 1993 ஆகிய ஆண்டுகளில் இயற்றிய சட்டங்கள் அதைப் பெரிதும் உயர்த்தின. சாதாரண வரிச் சலுகை, கட்ட வேண்டிய வரியைக் குறைப்பதோடு நின்றுவிடும். இதுவோ, வரியே கட்ட வேண்டாத ஏழைக்கும் ரொக்கமாக வந்து சேரும்.

எடுத்துக்காட்டாக, துணையின்றித் தனியே இரு குழந்தைகளை வளர்க்கும் ஒரு தாயை நினைத்துக்கொள்வோம். கடையொன்றில் வேலை பார்த்து, 2024-ஆம் ஆண்டில் அவர் 20,000 டாலர் ஈட்டினார் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு ஏறத்தாழ 1,667 டாலர் ஆகிறது. அந்த ஆண்டுக்கு அவர் பெறும் சலுகை 6,960 டாலர். நான்கு மாதச் சம்பளத்தைவிட மிகுதி! அடுத்த ஆண்டு அவர் கணக்குத் தாக்கல் செய்தபின் இத்தொகை முழுவதும் ஒரே முறையில் வரும். 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிப்ரவரி நடுவுக்கு முன் இதை வழங்கலாகாது.

கடன் பிறக்கும் இடம்

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பணம் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. வாடகையோ மாதந்தோறும் வந்து கதவைத் தட்டுகிறது. செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் அத்தாயின் பழைய கார் பழுதாகிறது. கார் இல்லையேல் வேலைக்குப் போக வழியில்லை. 500 டாலர் வேண்டும். கையிருப்பு இல்லை, குறைந்த வட்டிக்கு வங்கியும் தராது. சம்பள நாளில் திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கும் 'பே டே' கடன் ஒன்றுதான் எளிதில் கிடைக்கிறது. சில மாநிலங்கள் அதைத் தடை செய்துள்ளன. பல மாநிலங்களில் அது நடைபெறுகிறது. 100 டாலருக்கு, இரண்டு வாரத்துக்கு, 15 டாலர் என்பது அங்கே வழக்கமான கட்டணம். கேட்பதற்குச் சிறு தொகைதான். ஆண்டு வட்டியாக மாற்றினால் நூற்றுக்கு 391 ஆகிறது!

500 டாலருக்கு இரண்டு வாரக் கட்டணம் 75 டாலர். அசலைக் கட்ட இயலாமல் அவர் கடனை மீண்டும் மீண்டும் நீட்டித்துக்கொண்டே போனால், மார்ச் மாதத் தொடக்கத்துக்குள் 26 வாரங்கள், அதாவது 13 தவணைகள் கடந்துவிடும். கட்டணம் மட்டும் 975 டாலர். அசல் 500 அப்படியே நிற்கும். 6,960 டாலர் சலுகை தரும் அரசாங்கத்தின் பணத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு, ஒரே ஒரு கார் பழுதின் பெயரால் கடன் கடைக்குப் போய்விட்டது.

அதற்குமேல் கணக்கு எழுதித் தருவோரின் கூலி உண்டு. அரசாங்கத்துக்குப் பழைய வரி பாக்கி இருந்தால் அதையும் பிடித்துக்கொள்வார்கள். இச்சலுகையையே அடகு வைத்தாற்போல, சில நாள் முன்னதாகப் பணம் தந்து பெருங்கட்டணம் வாங்கும் கடன்களும் முன்பு மிகுந்திருந்தன. 2012-ஆம் ஆண்டு வாக்கில் வங்கிகள் அவற்றைக் கைவிட்டன.

மாதந்தோறும் தரலாகாதா?

தரலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அதுவும் செய்து பார்க்கப்பட்ட ஒன்றே. 1979 முதல் 2010 வரை, சலுகையில் ஒரு பகுதியைச் சம்பளத்தோடு முன்கூட்டியே பெற வசதி இருந்தது. அதை நாடியவர் மிகச் சிலரே. காரணம் உண்டு. வருமானம் மாறிவிட்டால், வாங்கிய பணத்தை ஆண்டு முடிவில் திருப்பித் தர நேரிடுமோ என்னும் அச்சம் ஒன்று. மற்றொன்று, மொத்தப் பணத்தின் அருமை. சிறுகச் சிறுக வந்தால் கரைந்துபோகும். ஒன்றாக வந்தால் பழைய கடனை அடைக்கலாம், வேறு வீட்டுக்கு முன்பணம் கட்டலாம், நல்ல கார் ஒன்று வாங்கலாம் என்று அத்தாய்மாரில் பலர் எண்ணுகின்றனர். இதை ஊதாரித்தனம் என்பதா, சிக்கனம் என்பதா?

2021-இல் மற்றொரு சோதனை நடந்தது. குழந்தைகளுக்கான வேறொரு வரிச் சலுகையை உயர்த்தி, அதில் பாதியை ஜூலை முதல் டிசம்பர் வரை மாதந்தோறும் அனுப்பினார்கள். 6 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு 300 டாலர், மூத்த குழந்தைக்கு 250 டாலர். வேலை இல்லாதவருக்கும் அது கிடைத்தது. பிற நிவாரணங்களும் சேர்ந்து, அந்நாட்டின் துணை அளவீட்டின்படி, குழந்தை வறுமை அவ்வாண்டு நூற்றுக்கு 5.2 ஆகக் குறைந்தது. உயர்வு நீடிக்கவில்லை; நிவாரணங்களும் நின்றன. 2022-இல் அது 12.4 ஆக ஏறியது.

இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. உழைப்பு வருமானத்துக்கான சலுகை, வருமானம் இருந்தால்தான் வரும். ஆண்டு முழுவதும் வேலை இல்லாமற் போன தாய்க்கு அது ஒரு சென்ட்டும் இல்லை. கடன் மிக மிகப் பெருகும் ஆண்டில் உதவி மறைந்துவிடுகிறது!

நம் அனுபவம்

இதைப் புரிந்துகொள்ள நமக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. எனக்கு உரிய உதவித்தொகை சென்ற ஆண்டு ஐந்து மாதம் தாமதித்து, மொத்தமாக வந்தது. அதற்குள் உணவுக்கூடத்துக்கு நான் பாக்கி. ஊரிலிருந்து அம்மா பணம் அனுப்ப வேண்டியதாயிற்று. அனுப்புவதற்கு அவர்கள் கைவளையை அடகு வைத்தார்கள். தொகை முழுவதும் வந்த அன்று நான் பணக்காரன். அதற்கு மறுநாள் பழைய நிலைமை. வளையை மீட்டபோது கட்டிய வட்டியை எவரும் எனக்கு ஈடு செய்யவில்லை. என்னுடன் வாதிட்ட நண்பரும் அந்த ஐந்து மாதத்தில் என்னிடமே நூறு ரூபாய் கைமாற்றுக் கேட்டவர்தாம்!

உதவியின் அளவைப் போலவே அது வரும் காலமும் முக்கியம். இச்சலுகை கடனை அடைக்க உதவுகிறது. கடன் பிறப்பதைத் தடுக்கவில்லை. பயிர் வாடிய பின் பெய்யும் மழையும் மழைதான்; ஏரி நிறையும். ஆனால் வாடிய பயிரைக் காட்டி உழவனைச் சோம்பேறி என்று சொல்லுதல் முறையாகாது. நண்பருக்கு நான் சொல்லும் விடை இதுதான்.