ஆல்பாச் சிதைவும் அதனைக் கூறும் சொல்லும்

கனத்த அணுக்கருக்கள் பல, இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் கூடிய ஆல்பாத் துகளை வெளியிட்டு வேறு தனிமமாகத் திரிகின்றன. இதுவே ஆல்பாச் சிதைவு. இதனை விளக்கும் கொள்கையினையும், தமிழிற் கூறுமிடத்து நேரும் சொல்லிடர்ப்பாட்டினையும் ஈண்டு ஆராய்வாம்.

யுரேனியம் 238 வெளியிடும் ஆல்பாத் துகளின் ஆற்றல் ஏறத்தாழ 42 இலட்சம் எலெக்ட்ரான் வோல்ட்டு. அத்துகளைக் கருவினுள் பிணிப்பது அணுக்கரு விசை; வெளியே தள்ளுவது மின் விலக்கு விசை. இவ்விரண்டும் சேர்ந்து கருவைச் சூழ ஓர் ஆற்றல் அரணை எழுப்புகின்றன. அதன் உயரமோ ஏறத்தாழ 3 கோடி எலெக்ட்ரான் வோல்ட்டு. ஏழில் ஒரு பங்களவே ஆற்றலுடைய துகள் அவ்வரணைக் கடந்தது யாங்ஙனம்? பழைய இயக்கவியலில் இதற்கு விடையில்லை.

1928இல் ஜார்ஜ் காமோவும், அவரின் வேறாக ரொனால்டு கர்னி, எட்வர்டு காண்டன் ஆகிய இருவரும் குவாண்டம் இயக்கவியலைக் கொண்டு விடை கண்டனர். துகளுக்கு அலைத்தன்மையும் உண்டு. அவ்வலை அரணினுள் விரைந்து தேயுமேனும் முற்றும் அறுவதில்லை. மறுபுறத்தே சிறிது எஞ்சும். துகள் வெளிப்படும் வாய்ப்பினை அவ்வெச்சமே அறுதியிடுகின்றது. எளிய கணக்கின்படி, யுரேனியக் கருவில் துகள் அரணை நொடிக்கு 1ஐயடுத்து 21 சுழியிட்ட அளவில் முட்டுகின்றது. எனினும் அதன் அரை ஆயுள் 447 கோடி ஆண்டு.

பொலோனியம் 212இன் துகளாற்றல் ஏறத்தாழ 88 இலட்சம். அஃதாவது யுரேனியத்தினதைப் போல் இரு மடங்கிற்குச் சற்று மிகுதி. அரை ஆயுளோ ஒரு நொடியின் கோடிக் கூறில் 3 கூறே. ஆற்றல் மிகின் கடக்கவேண்டிய அரணின் தடிப்புக் குறையும். தடிப்புச் சிறிது குறையினும் வாய்ப்புப் பன்மடங்கு பெருகும். வீச்சு மிக்க துகளை வெளியிடும் கரு விரைந்து சிதையும் என 1911இல் கைகரும் நட்டாலும் அளந்து கண்ட தொடர்பிற்கு இதுவே காரணம்.

ஆயின் ஆல்பாத் துகள் கருவினுள் என்றும் தனித்து இருப்பதன்று. அஃது உள்ளே உருவாகும் வாய்ப்பினையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். இப்பகுதியே பிற்கால மாதிரிகள் பெரிதும் வேறுபடும் இடமாகும்.

இனிச் சொல்லினை நோக்குவாம். ‘சுரங்கப்பாதை’ என வழங்குவாருளர். சுரங்கம் என்றவுடன் அகழ்தலும், வழி எஞ்சி நிற்றலும் நினைவிற்கு வரும். ஈண்டு அகழ்வுமில்லை, வழியுமில்லை, கடத்தலால் துகளின் ஆற்றல் குறைவதுமில்லை. ஆகலின் ‘அரண் ஊடுருவல்’ என்பதே பொருந்துவதாகும்.

‘அரை ஆயுள்’ என்பது வேரூன்றிய வழக்கு. அதனை மாற்றல் வேண்டா. எனினும் ஆயுள் என்பது மூப்பினைக் குறிப்பாலுணர்த்தும். அணுக்கருவிற்கு மூப்பில்லை. நேற்றுத் தோன்றிய கருவிற்கும் நூறு கோடி ஆண்டு நிலைத்த கருவிற்கும் அடுத்த நொடியிற் சிதையும் வாய்ப்பு ஒன்றே. இவ்வேறுபாட்டினை ஆசிரியர் மாணாக்கர்க்கு உணர்த்திய பின்னரே அச்சொல்லை ஆளுதல் கடன்.