ஸ்ரீபெரும்புதூர் வழக்கும் தூக்குத் தண்டனையும்

இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்கள் ஓடுகின்ற ஸ்ரீபெரும்புதூரில், நெடுஞ்சாலையை ஒட்டி ராஜீவ் காந்தியின் நினைவிடம் இருக்கிறது. அந்த பஸ்களில் போகும் இளைஞர்களில் பலர், 1991 மே 21 இரவு அங்கே அவர் வெடிகுண்டுக்குப் பலியான கோரத்துக்குப் பின்னர் பிறந்தவர்கள். ஆயினும், கொலை செய்தவனைக் கொல்லும் அதிகாரம் அரசுக்கு உண்டா என்ற கேள்வியைத் தமிழ்நாட்டில் வீடுதோறும் விவாதிக்கச் செய்த வழக்கு அந்த மண்ணிலேதான் பிறந்தது என்பதால், அதன் வரலாற்றை அவர்களும் அறிந்திருப்பது அவசியம்.

முதலில் சட்டத்தின் நிலையைச் சொல்லிவிடுகிறேன். கொலைக்கு ஆயுள் தண்டனையே பொது விதி, மரண தண்டனை விதிப்பதானால் நீதிபதி விசேஷ காரணங்களை எழுதவேண்டும் என்று 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வகுத்தது. அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே தூக்கு என்று 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு எல்லை கட்டியது. அந்த வழக்கை விசாரித்த ஐவரில் ஒருவரான நீதிபதி பகவதி மட்டும், எவனுக்குத் தூக்கு, எவனுக்குச் சிறை என்பது நீதிபதியின் மனோபாவத்தைப் பொறுத்ததாகிவிடும் என்று அஞ்சி, அத்தண்டனையே அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று மாறுபட்டு நின்றார்.

அந்த அச்சம் எவ்வளவு நியாயமானது என்பதை ஸ்ரீபெரும்புதூர் வழக்கின் கணக்கே காட்டும். 1998 ஜனவரி 28 அன்று பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் கீழ் அமைந்த பூந்தமல்லி நீதிமன்றம், தன் முன் விசாரிக்கப்பட்ட 26 பேருக்கும், ஒருவர் மிச்சமின்றி, மரண தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டு மே 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதே சாட்சியங்களைச் சீர்தூக்கிப் பார்த்து, நளினி, அவருடைய கணவர் முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய நால்வரின் தூக்கை மட்டும் உறுதி செய்து, மூவருக்கு ஆயுள் தண்டனை அளித்து, எஞ்சிய 19 பேரையும் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அவர்களில் சிலர் மீது நிரூபணமான சிறு குற்றங்களுக்குரிய காலத்தை அவர்கள் முன்னரே சிறையில் கழித்திருந்தார்கள். மேல்முறையீடு என்ற ஒரு படி இல்லாதிருந்தால், கொலைக் குற்றம் நிலைக்காத 19 பேரின் பிராணன் கயிற்றில் போயிருக்கும். அந்த நால்வரிலும் நளினியைப் பற்றி நீதிபதிகளுக்குள் ஒருமித்த அபிப்பிராயம் இல்லை. தகப்பனுக்கும் தூக்கு உறுதியாகியிருக்க, தாயையும் தூக்கிலிட்டால் அவர்களுடைய சிறு பெண் அநாதையாகிவிடும் என்று கருதி, தலைமை வகித்த நீதிபதி கே.டி. தாமஸ் ஆயுள் தண்டனையே போதும் என்றார். மற்ற இருவர் அதற்கு இணங்கவில்லை. ஒரு ஜீவன் இருப்பதும் போவதும் இரண்டுக்கு ஒன்று என்ற எண்ணிக்கையில் தொங்கியது.

பேரறிவாளனின் கதை இதனினும் மனத்தை வருத்துவது. கைதாகும்போது அவருக்கு வயது 19. குண்டை வெடிக்கவைக்க ஒன்பது வோல்ட் பேட்டரிகள் இரண்டை வாங்கிச் சதியை முன்னின்று நடத்திய சிவராசனிடம் கொடுத்தார் என்பதே அவர்மீது பிரதானமாக நின்ற குற்றச்சாட்டு. அதற்கு ஆதாரமாக நின்றது போலீஸ் அதிகாரியிடம் அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம். சாதாரண வழக்கில் செல்லாத அத்தகைய வாக்குமூலம் தடா சட்டத்தில் செல்லும். இந்த வழக்குக்குத் தடா குற்றங்களே பொருந்தா என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும், அச்சட்டத்தின் கீழ் வாங்கிய வாக்குமூலங்கள் மட்டும் சாட்சியமாக நிலைத்தன. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த மத்தியப் புலனாய்வுத் துறை அதிகாரி தியாகராஜன், பணி ஓய்வுக்குப் பின் 2013-இல், அந்தப் பேட்டரிகள் எதற்கென்று தமக்குத் தெரியாது என அந்த இளைஞர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். 2011 செப்டம்பர் 9 அன்று தூக்கு என்று குறிக்கப்பட்டிருந்த நாள் தவறாமல் நிறைவேறியிருந்தால், அந்தச் சொல் வெளிவந்தபோது அதைக் கேட்கப் பேரறிவாளன் உயிரோடு இருந்திருக்கமாட்டார்.

அந்த நாள் தவறிப்போன விதமும் சொல்லத்தக்கது. நளினியின் தண்டனை 2000 ஏப்ரலில் மாநில அமைச்சரவையின் பரிந்துரைப்படி ஆளுநரால் குறைக்கப்பட்டது. முருகன், சாந்தன், பேரறிவாளன் மூவரின் கருணை மனுக்களோ குடியரசுத் தலைவரிடம் 11 ஆண்டுகளுக்கு மேல் கிடந்து, 2011 ஆகஸ்டில் நிராகரிக்கப்பட்டன. அதைப் பொறாமல் அம்மாதம் 28-ஆம் தேதி காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தன்னையே தீக்கிரையாக்கிக்கொண்டார். உயிரைக் காக்க வேண்டி ஓர் உயிர் போன அந்தத் துக்கத்தை நினைக்க இன்றும் நெஞ்சு பதறுகிறது. 30-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் தூக்குக்குத் தடை விதிக்க, சட்டமன்றமும் அன்றே தண்டனையைக் குறைக்கக் கோரித் தீர்மானம் இயற்றியது. காரணமின்றிக் கருணை மனுவை இழுத்தடிப்பது கைதியை வதைப்பதாகும் என்று 2014 ஜனவரியில் சத்ருகன் சௌகான் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி பிப்ரவரி 18 அன்று மூவரும் தூக்கிலிருந்து தப்பினர். 2022-இல் மே மாதம் பேரறிவாளனும், நவம்பரில் மற்ற அறுவரும் விடுதலை பெற்றனர்.

தூக்கு வேண்டும் என்போரின் வாதத்தை இலேசாகத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. அன்றிரவு மாண்டவர்களில் காவலர்களும் தொண்டர்களும் இருந்தார்கள். அவர்களுடைய குடும்பங்கள் விடுதலையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றன. ராஜீவின் மனைவி சோனியா காந்தி நளினிக்காகப் பரிந்து பேசியதும், மகள் பிரியங்கா 2008-இல் வேலூர்ச் சிறைக்குச் சென்று அவரைக் கண்டதும் மகத்தான செயல்களே. ஆனால் ஒரு குடும்பத்தின் மன்னிப்பு நாடு முழுவதும் கேட்க, மற்றக் குடும்பங்களின் அழுகையை நாம் கேளாதிருந்தோம். தூக்கை எதிர்த்து நின்ற நம்மவர் அந்த வீடுகளுக்கும் போயிருக்கவேண்டும்.

கொடிய கொலைஞரை அரசன் ஒறுப்பது பயிரைக் காக்கக் களையெடுப்பது போன்றது என்று வள்ளுவர் செங்கோன்மையில் சொன்னதையும் தூக்கு வேண்டும் என்போர் எடுத்துக்காட்டுவார்கள். களையெடுப்பவளுக்குக் களை எது, பயிர் எது என்று பார்த்த கணத்திலேயே தெரியும். பூந்தமல்லியில் 26-ஆக இருந்தது டில்லியில் நான்காகிவிட்ட ஒரு வழக்கில், அந்தத் தெளிவு நமக்கு இருந்ததென்று எப்படிச் சொல்வது? தண்டனையின் அச்சம் கொலையைத் தடுக்கும் என்பதும் இங்கே எடுபடாது. வெடிகுண்டைத் தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு வந்தவளையும், அகப்படுவதைவிடச் சாவதே மேல் என்று பெங்களூருக்கருகே கோணனகுண்டேயில் உயிரை மாய்த்துக்கொண்ட சிவராசனையும் எந்தத் தூக்குக் கயிறு அச்சுறுத்தியிருக்கும்?

2015-இல் சட்ட ஆணையம் தன் 262-ஆவது அறிக்கையில், பயங்கரவாதக் குற்றங்கள் நீங்கலாக மற்றவற்றுக்குத் தூக்கை ஒழிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அதை நான் வரவேற்கிறேன். அந்த விலக்கை மட்டும் ஏற்க மனம் வரவில்லை. ஜனங்களின் கோபம் உச்சத்தில் நிற்பதும், குற்றவாளியைக் கண்டுபிடித்தே தீரவேண்டும் என்று புலனாய்வோர் நெருக்கப்படுவதும், போலீஸிடம் சொன்ன வாக்குமூலமே சாட்சியமாகும் வண்ணம் தடாவைப்போல், பின்னர் பொடாவைப்போல், சட்டம் தளர்த்தப்படுவதும் பயங்கரவாத வழக்குகளிலேதான். தவறு நேர இத்தனை வாசல்கள் திறந்துகிடக்கும் அந்த வழக்குகளுக்கென்றே தூக்குமேடையை நிறுத்தி வைப்பது, 19 பேர் எப்படித் தப்பினார்கள் என்பதை அறிந்த நாம் செய்யத்தக்க காரியம் அன்று.