பாதியில் நின்ற போர்வை... மிச்சத்தை இன்னொருவர் தைக்கலாமா?

2019-ம் ஆண்டு, அமெரிக்காவின் சிகாகோ அருகே உள்ள மவுண்ட் பிராஸ்பெக்ட். 99 வயதில் இறந்துபோன ஒரு மூதாட்டியின் வீட்டுப் பொருள்கள் விற்பனைக்கு வந்தன. அங்கே போன எம்பிராய்டரி கலைஞர் ஷானன் டவுனியின் கண்ணில் ஒரு பெட்டி பட்டது. உள்ளே அறுகோணத் துணிகள். 50 மாகாணங்களின் பறவைகளையும் பூக்களையும் தைத்து, எல்லாவற்றையும் ஒரே போர்வையாக இணைக்க வேண்டும் என்பது அந்த மூதாட்டியின் திட்டம். ஆனால், வேலை ஆரம்பத்திலேயே நின்றிருந்தது.

டவுனி இன்ஸ்டாகிராமில் உதவி கேட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்வந்தார்கள். அவர்களில் தேர்வானவர்களுக்குத் துணிகள் தபாலில் போயின. தைத்துத் திரும்பி வந்தன. 2020-ல் அந்தப் போர்வை கென்டக்கி மாகாணம் படூக்காவில் உள்ள தேசிய குயில்ட் அருங்காட்சியகத்துக்குப் போனது. அதன் பெயர் 'ரீட்டாவின் குயில்ட்'. தைத்து முடித்தது பலர். பெயர் மட்டும் தொடங்கியவருடையது.

குயில்ட் என்றால் என்ன?

மூன்று அடுக்குப் போர்வை. மேலே துண்டுத் துணிகளை இணைத்த அடுக்கு, நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி. மூன்றும் நகராமல் இருக்க, நெடுக ஓட்டுத்தையல் போடுவார்கள். ஒரு கட்டில் அளவுக்குக் கையாலேயே தைக்க மாதங்கள் ஆகும். சில நேரம் வருடங்கள்கூட ஆகும். அதற்குள் கண் மங்கலாம், விரல் ஒத்துழைக்காமல் போகலாம், ஆளே போய்விடலாம்.

இப்படி நின்றுபோனவற்றைத் தையல்காரர்கள் செல்லமாக 'யு.எஃப்.ஓ' என்பார்கள். பறக்கும் தட்டு இல்லைங்க, 'முடியாத பொருள்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்!

யார் முடித்துத் தருகிறார்கள்?

அமெரிக்காவில் மேசி கப்லன், ஜென் சிமோனிக் என்ற இரு தோழிகள் 2022-ல் 'லூஸ் எண்ட்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். இறந்தவர்களும், உடல் முடியாமல் போனவர்களும் பாதியில் விட்ட கைவேலையைக் குடும்பத்தினர் இதில் பதிவு செய்யலாம். அந்த வேலை தெரிந்த தன்னார்வலரைத் தேடி இணைத்துவிடுவார்கள். உழைப்புக்குக் கூலி கிடையாது.

தைக்கத் தெரிந்தால் போதாதா?

போதாது. பழைய பருத்தியும் புதுத் துணியும் துவைத்தால் ஒரே அளவில் சுருங்காது. எந்தத் துண்டு எங்கே வர வேண்டும் என்று பல நேரம் குறிப்பும் இருக்காது. இருப்பதை வைத்து ஊகிக்க வேண்டியதுதான்.

பெரிய சிக்கல் தையலில் இருக்கிறது. கையெழுத்து மாதிரிதான் இதுவும். அங்குலத்துக்கு எத்தனை தையல், நூல் எவ்வளவு இறுக்கம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். முதல் வரிசை நேராகவும் கடைசி வரிசை கோணலாகவும் இருந்தால், தேர்ந்த கைக்கு அதைப் பிரித்துத் திருத்தத் தோன்றும். திருத்தினால் போர்வை அழகாகும். ஆனால், பார்வை மங்கிய பிறகும் அம்மா விடாமல் தைத்தார் என்பதற்கு அந்தக் கோணல்தான் சாட்சி. பிரித்தால் அதுவும் போய்விடும். அதனால் குடும்பத்தைக் கேட்காமல் ஒரு தையலைக்கூடப் பிரிக்காமல் இருப்பதே நல்லது.

அவர் தையலைப் போலவே தொடர்வதா, நூலின் நிறத்தை மாற்றி அவர் நிறுத்திய இடத்தைக் காட்டுவதா என்பதையும் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும்.

முடிக்காமல் விடலாமா?

விடலாம். காகித அச்சின் மேல் துணியை மடித்துத் தைக்கும் ஒரு பழைய முறை உண்டு. வேலை முடிந்ததும் காகிதத்தை உருவிவிடுவார்கள். முடியாத போர்வையில் அது உள்ளேயே தங்கிவிடும். அது பழைய கடிதமாக இருக்கலாம், செய்தித்தாளாக இருக்கலாம். துணியின் காலத்தைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்களுக்கு அதுவே துப்பு. பிரிட்டனில் 1718 எனத் தேதி தைக்கப்பட்ட ஒரு பட்டு விரிப்பில் இன்றும் காகிதங்கள் இருக்கின்றன.

உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால்?

ஊசியை எடுக்கும் முன் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுங்கள். மிச்சத் துணி, நூல், பென்சில் குறிப்பு எதையும் தூக்கிப் போடாதீர்கள். வீட்டில் எல்லோரையும் கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றால் அவசரப்பட வேண்டாம். முடித்துவிட்டால், பின்பக்க மூலையில் சின்னத் துணி ஒன்றைத் தைத்து, அதில் இரண்டு பெயர்களையும் இரண்டு வருடங்களையும் எழுதுங்கள். தொடங்கியவர் பெயர் முதலில் வரட்டும்.