பழைய இருமல்தானே என்று இருந்துவிடலாமா?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுள் புதைந்தன. தப்பியவர்கள் பாடசாலைகளில் தஞ்சம் புகுந்தனர். வீடும் நிலமும் இழந்து இப்படி ஒதுங்கியிருந்த எவருக்கும் அந்த இரவுகள் தெரியும்: நெருக்கம், ஈரத் தரை, ஓயாத இருமல்.

ஊவாத் தோட்டங்களில் பல்லாண்டுகள் விறகடுப்புப் புகையில் சமைத்த பாட்டிக்கும், பீடி சுருட்டை விடாத தாத்தாவுக்கும் இருமலும் முட்டும் பழகிப்போனவை. அதனால்தான் ஆபத்து வரும்போது வீட்டார் கவனிப்பதில்லை.

நம் மூச்சுக் குழாய்களில் நுண்ணிய மயிர்கள் உண்டு. உள்ளே வரும் தூசியையும் கிருமியையும் சளியோடு மேலே தள்ளுவது அவற்றின் வேலை. புகை அவற்றைக் கெடுக்கிறது. சளி தேங்குகிறது. நமது மூக்கிலும் தொண்டையிலும் சும்மா தங்கியிருக்கும் நியுமோகொக்கஸ், ஹீமோபிலஸ், மொராக்செல்லா போன்ற பக்ரீறியாக்கள் அங்கே இறங்கிப் பெருகுகின்றன. காற்றுப் பைகள் நீரும் சீழுமாய் நிறைந்தால் அதுவே நியூமோனியா. நுரையீரல் மிகவும் சேதமடைந்தவர்களைச் சூடோமோனாஸ் என்ற கிருமியும் தாக்கும். அதற்கு நாம் அறிந்த அமொக்சிசிலின் பலிக்காது. எனவே மீதமிருக்கும் பழைய குளிசைகளைக் கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள்.

இவற்றைக் கவனியுங்கள்: சளி கூடி, மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுதல், காய்ச்சல், குளிர் நடுக்கம், நெஞ்சுக் குத்து, வழக்கத்தை விட அதிக முட்டு. முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் சோர்வும் தடுமாற்றமும் மட்டும் வரலாம். இவை கண்டால் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். உதடு நீலித்தாலோ, ஒரு வசனம் முழுதாய்ப் பேச மூச்சு போதாவிட்டாலோ, உடனே 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம்.

வைத்தியசாலைக்குப் போகும்போது பழைய கிளினிக் கொப்பியையும் கொண்டு போங்கள். முன்பு கொடுத்த மருந்தை அறிந்தால் வைத்தியர் சரியான மருந்தைத் தெரிவு செய்வார். கொடுத்த மருந்தைச் சுகம் கண்டதும் நிறுத்தாமல், சொன்ன நாள்வரை குடியுங்கள். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காசநோய்க்கும் சளியைப் பரிசோதிக்க வேண்டும்.

பீடி சுருட்டை விடுவதே முதல் மருந்து. காய்ந்த விறகை எரியுங்கள். குசினியில் புகை வெளியேற வழி செய்யுங்கள். இன்புளுவென்சா, நியுமோகொக்கஸ் தடுப்பூசிகள் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

இறைவன் ஊதித் தந்த மூச்சு இது. இன்றிரவு உங்கள் வீட்டு முதியவரின் இருமலைச் சற்றுக் காது கொடுத்துக் கேளுங்கள். நேற்றைய இருமல்தானா அது?