மன்னார்க் கரை – 14: டொரிக் மாளிகையைச் சொல்லிக் காட்டுவது

அரிப்புக் கடற்கரையில் டொரிக் மாளிகை இனிக் கொஞ்சம்தான் மிச்சம். இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பைக் கண்காணிக்க 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய வீடு அது. அதைக் கடல் அரித்துக்கொண்டே வருகிறது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு இணைய அருங்காட்சியகம் அமைத்தால் முதலில் இதைத்தான் வைப்பேன். எப்படி வைப்பது?

முப்பரிமாணப் படம் போடலாம் என்பார்கள். நல்லதுதான். ஆனால் பார்வையற்ற பிள்ளைக்கு அதில் ஒன்றுமில்லை. அப்பாவின் கைபேசியில் எஞ்சிய டேட்டாவை நம்பியிருக்கும் பிள்ளைக்கு அது திறக்கவே திறக்காது. எழுத்தில் தொடங்கினால் இருவருக்கும் வழி உண்டு.

படத்துக்கு விவரணையாக 'டொரிக் மாளிகை' என்று இரண்டு சொல் போட்டுவிட்டுப் போவது பெரிய அநியாயம். மேற்கே கடல், மண்மேட்டின் விளிம்பில் கூரையிழந்த செங்கற்சுவர், அதில் சுண்ணச்சாந்து உதிர்ந்த திட்டுகள் என்று சொல்ல வேண்டும். மன்னாரின் பள்ளிமுனைப் பெருக்கமரத்தையும் வைத்தால், அதன் சுற்றளவு 19.5 மீற்றர் என்பதோடு நிறுத்தாமல், தரம் 7 பிள்ளைகள் ஏறக்குறைய 15 பேர் கைகோத்தால்தான் அதை வளைக்க முடியும் என்றும் எழுதலாம். இப்படி எழுத, வரலாற்று ஆசிரியர் அந்த இடத்தில் நின்று உற்றுப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்தது எழுத்துரு. நம் பாடசாலைக் குறிப்புகளும் வினாத்தாள்களும் பாமினியில் குவிந்து கிடக்கின்றன. கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கு ஆங்கில எழுத்துகள். 'மன்' என்று நாம் வாசிக்கும் இடத்தில், பார்வையற்ற பிள்ளைக்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானுக்குக் கிடைப்பது 'கே, டி, அரைப்புள்ளி'தான். யூனிகோடுக்கு மாற்றாமல் ஒரு பக்கத்தையும் ஏற்றக் கூடாது. ஸ்கேன் செய்த பக்கமும் வெறும் படம்தான். நூலகம் திட்டம் 2005 முதல் சேர்த்து வைத்திருக்கும் ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் இந்த வேலைக்குப் பெருஞ்செல்வம். அவற்றிலிருந்து எடுக்கும் பகுதிகளைத் தட்டச்சு செய்து, பிழை திருத்திப் போட்டால் என்.வி.டி.ஏ போன்ற இலவசத் திரைவாசிப்பான் வாசித்துக் காட்டும்.

எல்லாருக்கும் எட்டுவது என்ற பேச்சைக் கண்ணோடும் காதோடும் நிறுத்த எனக்கு மனமில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவும் முசலிக் கிராமங்களும் அதற்குத் தப்பவில்லை. வெளியேற்றப்பட்ட குடும்பங்களில், புத்தளத்தில் பிறந்து வளர்ந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு முசலியின் சிலாவத்துறை, உம்மாவும் வாப்பாவும் சொல்லிக் கேட்ட ஊர். முத்துக்குளிப்பு அந்த ஊரின் கதையும்தான். அவர்களுடைய மூத்தவர்களின் குரல் இந்த அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டும், வெளியேற்றத்தைப் பற்றி அவர்கள் சொல்வதும் சேர்த்து. காது கேளாத பிள்ளைக்காக, அந்தக் குரல் சொல்வது முழுவதும் கீழே எழுத்தாகவும் ஓட வேண்டும்.

(தொடரும்)