வெறுங்கைக் கலையும் அதன் அளவுகோல்களும்

கராத்தேக் கழகங்களில் வார இறுதி இரு நாள்களுள் பயிற்சி, தரத் தேர்வு, போட்டி மூன்றும் ஒருங்கே நடைபெறுவதுண்டு. காண்போர் மூன்றையும் ஒன்றெனவே கருதுவர். அக்கலையைப் பரப்பிய ஆசான் அவ்வாறு கருதினாரல்லர்.

யப்பானின் ஒகினாவாத் தீவிற் பள்ளியாசிரியராயிருந்த புனாகோஷி கிச்சின் 1922 இல் இக்கலையை டோக்கியோவிற் செய்து காட்டினார். ஈராண்டுகளின் பின், ஜூடோவிற் கானோ ஜிகோரோ வகுத்திருந்த தரமுறையைத் தழுவித் தம் மாணவர்க்குக் கறுப்புப் பட்டி வழங்கினார். போட்டியையோ அவர் விரும்பவில்லை. தனியே நின்று குறித்த ஒழுங்கிற் செய்யும் 'கத்தா'வே அவருக்குப் பெரிது. 1957 ஏப்பிரலில் அவர் காலமானார். அவ்வாண்டு ஒக்டோபரிலேயே முதலாவது அகில யப்பான் போட்டி நடந்தேறியது!

தரத் தேர்வில் வெல்லவேண்டிய எதிரி இல்லை. நிலை உறுதியானதா, மூச்சு அடங்கியதா என்பதையே தேர்வாளர் நோக்குவர். போட்டியில் எதிரி உண்டு. ஆயினும் அவனைக் காயப்படுத்தலாகாது. தலைக்கு உதை 3 புள்ளி, உடலுக்கு உதை 2, கைக்குத்து 1. விரைந்து செல்லும் காலும் கையும் இலக்கின் அருகே அடங்கவேண்டும். கற்பதற்கு அரியது அவ்வடக்கமே.

2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், 75 கிலோவிற்கு மேற்பட்ட ஆடவர் இறுதிப் போட்டியில், சவூதி வீரர் தாரிக் ஹாமிதி 4க்கு 1 என முந்தியிருந்தார். அவரது உதை தலையிற் பலமாய்ப் பட, ஈரானிய வீரர் சஜாத் கஞ்ச்சாதே நினைவிழந்து வீழ்ந்தார். நடுவர்கள் உதைத்தவரை நீக்கினர். பொற்பதக்கம் வீழ்ந்தவருக்கே உரியதாயிற்று.